பாக்கு மரத்தில் சிறகு விரிக்கும் ஓணான்: மருந்து வைக்கலாமா?

கேள்வி: ஆனைமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் பாக்குத் தோப்பு வைத்திருக்கிறேன். ஊடே கொஞ்சம் தென்னையும் ஜாதிக்காயும் உண்டு. சில மாதங்களாக ஒரு விதமான பல்லி மரத்துக்கு மரம் பறந்து போகிறது. பறக்கும்போது விலாவிலிருந்து சிறகு விரிகிறது, மரத்தில் உட்கார்ந்ததும் மடங்கிவிடுகிறது. தாடைக்குக் கீழே மஞ்சளாக ஏதோ ஒன்றை நீட்டி நீட்டி இழுக்கிறது. விஷப்பல்லி என்று பயந்து பாக்குப் பறிக்கும் ஆட்கள் அந்த மரங்களில் ஏற மறுக்கிறார்கள். போன வாரம் ஒன்று கீழே இறங்கி மரத்தடியில் மூக்கால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. வேரைத் தின்கிறதா? இந்த வருடம் பிஞ்சும் அதிகமாகக் கொட்டுகிறது. இது டிராகன் குட்டி என்கிறான் என் பேரன். மருந்து வைத்து ஒழித்துவிடலாமா?

பதில்: மருந்து வைக்க வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தோப்பில் இருப்பது பறக்கும் ஓணான். பல்லி இல்லை, ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதருக்குத் தீங்கு செய்யும் விஷம் எதுவும் அதற்குக் கிடையாது. வாலையும் சேர்த்தால் ஒரு சாண் அளவுதான் இருக்கும், அதிலும் பாதிக்கு மேல் வால்தான். இலை, பூ, பிஞ்சு, வேர் எதையும் அது தொடாது. மரத்தில் சாரை சாரையாக ஊரும் எறும்புகள்தான் அதன் முக்கியமான சாப்பாடு. பறிக்கும் ஆட்களிடம் இதை நீங்களே நேரில் சொல்லுங்கள். ஆள் ஏறினால் அது மரத்தின் மறுபக்கம் ஒதுங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் அடுத்த மரத்துக்குப் பாய்ந்துவிடும். மேலே விழுந்து கடிக்கும் பிராணி இல்லை.

மண்ணைக் குத்திய விஷயம்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது. அது பெண் ஓணான், முட்டையிட இறங்கியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க மரத்திலேயே இருக்கும் இந்தப் பிராணியில் பெண் மட்டும் முட்டைக்காகத் தரைக்கு வருகிறது. தலையாலேயே மண்ணைக் குத்திச் சின்னக் குழி பறித்து, சில முட்டைகளை இட்டு, மண்ணை மூடித் தட்டிவிட்டு மேலே ஏறிவிடும். அதற்கு அதைவிட ஆபத்தான நேரம் வேறு இல்லை. தரையில் அதற்கு வேகம் கிடையாது, பூனை, கோழி, பாம்பு எது வந்தாலும் தப்புவது கஷ்டம். அத்தனை துணிந்து இறங்கிய உயிரைப் பார்த்துத்தான் வேர் தின்னும் பூச்சி என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும்.

பேரன் சொன்னது பாதிக்கு மேல் சரி. இந்த ஓணான் வகைகளுக்கு அறிவியலில் வைத்திருக்கும் பெயரே ‘டிராகோ’தான். லத்தீனில் அதற்கு டிராகன் என்று பொருள். பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ். 1735இல் அவர் உயிரினங்களைப் பட்டியல் போட்டபோது, நம்ப முடியாத பிராணிகளுக்கென்று தனியாக ஒரு பகுதி ஒதுக்கினார். அதில் டிராகனும் இருந்தது. பாம்பு உடல், இரண்டு கால், வௌவால் சிறகு என்று சொல்லப்படும் அந்தப் பிராணி, ஒன்று சிறகுள்ள ஓணானாக இருக்க வேண்டும், அல்லது திருக்கை மீனை உருமாற்றிக் காயவைத்த போலியாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு 1758இல் அதே டிராகன் பெயரை உண்மையான பறக்கும் ஓணானுக்கே கொடுத்துவிட்டார். கட்டுக்கதைப் பிராணியின் பெயர் கடைசியில் எறும்பு தின்னும் ஒரு சின்ன ஓணானுக்கு வந்து சேர்ந்தது.

கதை டிராகனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுங்கள். படங்களில் வரும் டிராகனுக்குப் பெரும்பாலும் நான்கு கால், அதற்கு மேல் இரண்டு சிறகு, ஆக மொத்தம் ஆறு உறுப்பு. முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் நான்குக்கு மேல் கைகால் இல்லை. பறவையின் சிறகும் வௌவாலின் சிறகும் உருமாறிய கைகள்தான். கையைச் சிறகாக்கினால் கை போய்விடும். பறக்கும் ஓணான் வேறு வழி கண்டது. விலா எலும்பில் 5 முதல் 7 ஜோடி வரை உடம்புக்கு வெளியே நீண்டு, குடைக் கம்பி போலத் தோலைத் தாங்குகின்றன. கம்பிகளை விரித்தால் சிறகு, மடக்கினால் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு காலும் மரம் ஏற அப்படியே இருக்கின்றன.

அந்தக் கைகளும் பறக்கும்போது சும்மா இருப்பதில்லை என்பது அண்மையில்தான் தெரிந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் இருக்கும் இதே வகையைப் படமெடுத்து ஆராய்ந்த மாக்சிமிலியன் டேலிங் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2017இல் அதை எழுதினார். மரத்தைவிட்டுக் குதித்ததும் ஓணான் முன்னங்கைகளைப் பின்னால் கொண்டுபோய்ச் சிறகின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்தபடியே திசை திருப்புகிறது. இறங்கும் மரம் நெருங்கும்போதுதான் பிடியை விடுகிறது. காலை வெயிலில் தோப்பில் நின்று பார்த்தால் நீங்களே இதைக் கவனிக்கலாம்.

பறப்பது என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது சறுக்குவதுதான். சிறகடித்து மேலே ஏற முடியாது. உயரத்திலிருந்து குதித்து, அடுத்த மரத்தின் தாழ்வான இடத்தில் ஒட்டிக்கொண்டு, மறுபடி மேலே ஏறும். பாக்குத் தோப்பு அதற்குப் பிடித்துப்போகக் காரணமும் இதுதான். கிளையில்லாத நேர் மரங்கள், நடுவில் தடையில்லாத இடைவெளி, மரத்திலேயே எறும்பு. காட்டில் தேடி அலைய வேண்டியது இங்கே வரிசையாக நட்டு வைத்தது போல இருக்கிறது.

மஞ்சளாக நீட்டுவது ஆண். தாடைக்கு அடியில் தொங்கும் தோலை விரித்து, ‘இந்த மரங்கள் என்னுடையவை’ என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிறது, பெண்ணுக்கும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. பெண்ணுக்கு அந்தத் தோல் சின்னது, அவ்வளவு பளிச்சென்று இருக்காது. மற்றபடி இரண்டும் மரப்பட்டை நிறம்தான். அசையாமல் இருந்தால் அரை அடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது.

உங்கள் தோப்பில் உள்ள வகையின் பெயர் டிராகோ டுசுமியெரி. தென்னிந்தியாவில், முக்கியமாக மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதை ஒட்டிய தோப்புகளிலும் இருக்கிறது. உலகில் கிட்டத்தட்ட 40 வகைப் பறக்கும் ஓணான்கள் உண்டு. பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியாவில். நம் நாட்டின் வடகிழக்கு மலைகளிலும் வேறு வகைகள் இருக்கின்றன. தாடைத்தோலின் நிறமும் சிறகின் கோலமும் வகைக்கு வகை மாறும். போர்னியோ தீவில் உள்ள ஒரு வகையில், அலையாத்திக் காட்டில் வாழ்பவற்றுக்குச் சிறகு சிவப்பு, உள்காட்டில் வாழ்பவற்றுக்குப் பழுப்பும் பச்சையும். அந்தந்தக் காட்டில் உதிரும் இலையின் நிறத்தோடு அது ஒத்துப்போவதாக 2014இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். மேலேயிருந்து பார்க்கும் பறவைக்கு அது உதிர்கிற இலை மாதிரி தெரியுமாம். இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன் இந்தக் கூட்டத்தில் சேராது, அது நம் உடும்புக்குச் சொந்தம்.

சரி, பிஞ்சு கொட்டுவதற்கு வருவோம். பழியை ஓணான் மேல் போட்டுவிட்டால் உண்மையான காரணம் தோப்பிலேயே தங்கிவிடும். உதிர்ந்த பிஞ்சில் ஒரு கைப்பிடி பொறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி குத்தியது போல் புள்ளி இருந்தால் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. பாளையில் நூலாம்படையும் புழு எச்சமும் சேர்ந்து கட்டியாக இருந்தால் பாளைப்புழு. மழைக்காலத்தில் காம்புப் பக்கத்தில் நீர் கோத்த கரும்பச்சைத் திட்டு விழுந்து, அப்புறம் வெள்ளையாகப் பூசணம் படர்ந்தால் அது காய் அழுகல், மாகாளி நோய் என்று சொல்வது.

காய் அழுகல் என்றால் 1 சதவீத போர்டோ கலவை. மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவைத் தனியாக 50 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரம்தான், இரும்பு கூடாது. துரு இல்லாமல் தீட்டிய இரும்பு அரிவாள் முனையைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு தடவை, 40 முதல் 45 நாள் கழித்து இன்னொரு தடவை, குலைகள் நன்றாக நனையும்படி அடிக்க வேண்டும். உதிர்ந்த அழுகல் காய்களைப் பொறுக்கித் தோப்புக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள்.

எறும்பு ஊர்கிறதே என்று மரத்துக்கு மரம் பூச்சிமருந்துத் தூள் தூவும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். எறும்பு போனால் ஓணானுக்குச் சாப்பாடு போயிற்று. அதற்காக ஓணான் உங்கள் தோப்பின் பூச்சியையெல்லாம் ஒழித்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். லாபக் கணக்கில் அதை எழுத முடியாது. நஷ்டக் கணக்கிலும் அதற்கு இடமில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பேரன் பிடித்து வளர்க்கக் கேட்பான். கூண்டில் அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது, எறும்பும் உயரமும் இரண்டுமே அங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக அவனிடம் ஒரு வேலை கொடுங்கள். அது மண்ணைக் குத்திய மரத்தடியை நீங்கள் காட்டுங்கள், அவன் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டட்டும். அந்த வட்டத்துக்குள் இரண்டு மாதத்துக்கு மண்வெட்டி போட வேண்டாம், உரக்குழி எடுக்க வேண்டாம், கோழியையும் கிளற விட வேண்டாம்.