பாசி தின்னும் அமானோ இறால் புது மீன்தொட்டியில் ஏன் செத்துப்போகிறது?

அமானோ இறால் ஜப்பான், தைவான் ஓடைகளில் வாழும் சிறு இறால்; 4–5 செ.மீ. வளரும். 1980-களில் ஜப்பானிய மீன்தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ தன் செடித் தொட்டிகளில் பாசியைக் கட்டுப்படுத்த இதைப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. நூல் நூலாய் வளரும் பாசியை நன்றாகத் தின்னும். கண்ணாடியில் ஒட்டும் பச்சைப் புள்ளிகளைத் தொடாது, அதை நாம்தான் சுரண்ட வேண்டும்.

சாவுக்குப் பெரும்பாலும் அம்மோனியாதான் காரணம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை நீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் இறாலுக்கு அது விஷம். தீனியும் இருக்காது. கல், இலை மேல் படியும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம்தான் இதன் அன்றாட மேய்ச்சல். புல் முளைக்காத தரிசில் ஆட்டை அவிழ்த்துவிட்ட கதைதான்.

விடும்போதும் அவசரம் கூடாது. பை நீரோடு இறாலை வாளியில் இட்டு, தொட்டியிலிருந்து வாளிக்கு ஒரு மெல்லிய காற்றுக்குழாயை இறக்கி, அதில் தளர்வாக முடிச்சுப் போட்டு, நொடிக்கு 2 சொட்டு வீதம் தொட்டி நீரை இறக்குங்கள். நீர் மும்மடங்கானதும் வலையால் எடுத்து விடலாம். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். மீன் மருந்தில் தாமிரம் இருந்தால் இந்தத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம், சிறிதளவே இறாலைக் கொன்றுவிடும்.

அடியில் கிடக்கும் கண்ணாடி போன்ற வெற்றுடலைப் பார்த்து இறால் செத்துவிட்டதென்று நினைக்காதீர்கள்: அது கழற்றிப்போட்ட ஓடு, செத்த இறாலோ உடல் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும்.