கானா கோகோ விவசாயிக்கு உதவ: முத்திரையா, நேரடிப் பணமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். பிள்ளைகளுக்கு ஃபேர்ட்ரேட் (நியாய வணிகம்) முத்திரை உள்ள சாக்லேட்தான் வாங்குகிறேன். அந்தக் கூடுதல் காசு கானா விவசாயிக்குப் போய்ச் சேருகிறதா? இணையத்தில் அறிமுகமான ஒருவர், "இடைத்தரகர் வேண்டாம், பணத்தை என்னிடம் அனுப்புங்கள், எங்கள் ஊர் விவசாயிகளிடம் நல்ல விலைக்குக் கோகோக் கொட்டை வாங்குகிறேன்" என்கிறார். மாதம் 30 பவுண்ட் அனுப்பலாமா?

பதில்: அவருக்கு ஒரு பவுண்டும் அனுப்ப வேண்டாம். அவர் சொல்வது கானாவில் நடக்காத காரியம். அங்கே விவசாயிக்கான விலையை அரசு அறிவிக்கிறது, உரிமம் பெற்ற நிறுவனங்கள் கொட்டையை வாங்குகின்றன, ஏற்றுமதி கோகோபாட் என்ற அரசு வாரியத்தின் கையில் இருக்கிறது. தனி ஆள் நடுவில் புகுந்து கூடுதல் விலைக்கு வாங்கி விற்க வழியில்லை. தோட்டப் படமும் விவசாயிகளின் பெயர்ப் பட்டியலும் அனுப்புவார். அவற்றை யார் வேண்டுமானாலும் திரட்டலாம். இடைத்தரகரைத் திட்டிக்கொண்டே வரும் இடைத்தரகர்தான் எனக்கு எப்போதும் பெரிய பயம்.

ஊருக்குள் நடக்கும் ஏமாற்று வேறு வகை. விலை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால், வாங்க வரும் ஆள் தராசில் கைவைப்பான். 64 கிலோ மூட்டையில் சில கிலோ காணாமல் போனால் விவசாயி யாரிடம் போய்க் கேட்பார்? 1993இல் தொடங்கிய குவாபா கோக்கோ கூட்டுறவு, எடை போட்டுக் கணக்கெழுதும் ஆளை ஊர் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும்படி வைத்தது இதற்காகத்தான். 1998இல் தொடங்கிய டிவைன் சாக்லேட் நிறுவனத்தில் அந்தக் கூட்டுறவு பங்குதாரராகவும் சேர்ந்தது. கடையில் இரண்டு முத்திரைச் சாக்லேட் இருந்தால், பெயர் சொல்லிக் கூட்டுறவைக் காட்டும் நிறுவனத்துடையதை எடுங்கள்.

சரி, முத்திரையால் என்ன கிடைக்கிறது? டன்னுக்கு 240 டாலர் பிரீமியம், அதாவது விலைக்கு மேல் தரும் கூடுதல் தொகை. அது கூட்டுறவுக்குப் போகும், எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். 100 கிராம் பால் சாக்லேட்டுக்கு 40 கிராம் கொட்டை என்று வைத்தால், உங்கள் பங்கு ஓர் அமெரிக்க சென்ட்டைக்கூட எட்டாது. சிறுதொகைதான், ஆனால் ஊர்க் கிணறும் பள்ளிக்கூடமும் இப்படித்தான் வந்திருக்கின்றன.

குறைந்தபட்ச விலை என்று இன்னொன்று உண்டு. 2019 அக்டோபரில் அதை டன்னுக்கு 2,400 டாலராக உயர்த்தினார்கள். இது சந்தை விழும்போது தாங்கும் வலை மட்டுமே. சந்தை விலை அதற்கு மேல் இருந்தால் இந்த எண்ணுக்கு வேலை இல்லை. பிரீமியம் மட்டும்தான் கூடுதல். அதோடு இந்தக் குறைந்தபட்ச விலை ஏற்றுமதித் துறைமுகத்தில் கணக்கிடுவது, விவசாயியின் கையில் விழும் தொகை அல்ல. "2,400 டாலர் விவசாயிக்கே" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். 2024 மார்ச்சில் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. அன்று கானா விவசாயிக்குக் கிடைத்தது முந்தைய செப்டம்பரில் டன்னுக்கு அறிவித்த 20,928 சீடி (கானா நாணயம்), அதாவது 2,000 டாலருக்கும் கீழே! வாரியம் விளைச்சலின் பெரும்பகுதியை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றிருந்தது. ஏப்ரலில் 33,120 சீடியாக உயர்த்துவதற்குள் அந்த ஆண்டின் முக்கிய அறுவடை முடிந்துவிட்டது. முப்பது வருடமாக முத்திரை, தணிக்கை, படிவம் என்று ஓடுகிறோம். விளைவிக்கிறவருக்கு விலை சொல்லும் உரிமை இன்னும் வரவில்லை. இதைச் சகித்துக்கொண்டு பேச என்னால் முடியவில்லை.

இன்னொன்று. கானாவில் பலர் பிறர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற கணக்கில், பயிரிடுகிறார்கள். 'அபுசா' முறையில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு. கூட்டுறவில் உறுப்பினராக இருப்பது பெரும்பாலும் நில உரிமையாளர் என்பதால், பிரீமியத்தில் வாரக்காரருக்குப் பங்கு கிடைக்காமல் போகலாம்.

அதனால் உங்கள் 30 பவுண்டைக் கோகோப் பகுதிகளில் வேலை செய்யும் பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுங்கள். பதிவு எண்ணை, அறக்கட்டளைகளைப் பதிவு செய்யும் சாரிட்டி கமிஷன் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பை அழுத்திப் பார்க்காதீர்கள். நீங்கள் பிரிட்டனில் வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகை மூலம் அது 37.50 பவுண்ட் ஆகும். தனி ஆளுக்கு அனுப்பினால் அந்தச் சலுகை இல்லை. கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்குப் பயிரிடுபவர்கள் உங்கள் பயனாளிகளில் உண்டா? நேரான பதில் வராவிட்டால் வேறு அறக்கட்டளையைப் பாருங்கள். அப்புறம், அந்த இணைய நண்பருக்கு ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றே உங்கள் வங்கியிடம் சொல்லிவிடுங்கள்.