பூச்சிகளோடு ஒரு பிறந்தநாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே மாதம் மகனுக்கு 7 வயது நிறைகிறது. பூச்சிகளை வைத்தே விழா நடத்த ஆசை. 12 பிள்ளைகள் வருவார்கள். பிளாஸ்டிக் பூச்சிகளைத் தொங்கவிடுவதைத் தவிர வேறென்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: அந்தப் பொம்மைக் காசில் நான்கு பூதக்கண்ணாடி வாங்குங்கள். 3 மடங்கு பெரிதாகக் காட்டும் கைப்பிடிக் கண்ணாடி போதும். 10 மடங்கு லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துப் பார்க்க இந்த வயதில் பொறுமை இருக்காது. அக்னி நட்சத்திர வெயிலில் பிள்ளைகளும் வாடிவிடும், பூச்சிகளும் பதுங்கிவிடும். மாலை 4.30க்குத் தொடங்கி 6.30க்கு முடித்துவிடுங்கள்.

விழாவின் நாயகன், மண்ணில் குழி பறித்து அதன் அடியில் பதுங்கியிருக்கும் குழியானைப் பூச்சி. சுவரோரம், திண்ணையடி என்று மழைத்தண்ணி படாத பொடிமண்ணில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். விரலை விட்டுத் துழாவினால் நசுங்கிவிடும். ஒரு விரற்கடை தள்ளிக் கரண்டியை ஆழமாக இறக்கி, மண்ணோடு அள்ளி, மாவுச் சல்லடையில் மெல்ல ஆட்டுங்கள். மண் இறங்கியதும் பூச்சி மட்டும் தங்கும். உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும்.

கண்ணாடித் தம்ளரில் 5 செ.மீ. உயரத்துக்குச் சலித்த மண்ணைப் போட்டு அதில் விடுங்கள். தம்ளருக்கு ஒன்றுதான், இரண்டு விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், குழி பறிக்காது. பயந்துபோனது சில சமயம் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் என்பதால் முந்தின நாளே மூன்று தம்ளராவது தயார் செய்துவிடுங்கள். விழாவன்று ஓர் எறும்பை விளிம்பில் விட்டுப் பாருங்கள். அது சரிவில் ஏற ஏற, அடியிலிருந்து குழியானை தலையால் மண்ணை வாரி வீசி அதைச் சறுக்க வைக்கும். பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். இதுவே வளர்ந்து தட்டான் போல் சிறகு முளைத்து இரவில் பறக்கும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

அடுத்து கால் எண்ணும் ஆட்டம். ஆறு கால் இருந்தால் பூச்சி. சிலந்திக்கு எட்டு. மழைக்குப் பிறகு ஊர்கிற சிவப்புப் பட்டுப்பூச்சிக்கும் எட்டுதான். பெயரில் பூச்சி இருந்தாலும் அது பூச்சி இனம் இல்லை. இதில் பெரியவர்களும் தோற்பார்கள்.

கேள்வி: வண்ணத்துப்பூச்சி கூட்டிலிருந்து வெளிவருவதை விழாவில் காட்ட முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: குறித்த நேரத்தில் வெளிவரும் என்று நம்பி அழைப்பிதழில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் காலையில்தான் வெளிவரும். புழுவையும் கூட்டையும் காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் முன்பே கறிவேப்பிலை, எலுமிச்சைக் கொழுந்துகளில் தேடுங்கள். சின்னப் புழு காக்கை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கடைசித் தோலுரிப்புக்குப் பின் இலைப்பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். ஒரே ஒரு முறை தொட்டுக் காட்டினால் போதும், பாவம்.

புழு செத்துப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, கடையில் வாங்கிய கறிவேப்பிலை. அதில் மருந்து அடித்திருக்கலாம். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் தழையைப் பறித்துப் போடுங்கள். இன்னொன்று, மூடிய பாட்டில். உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டிக் கொசுவலை ஒட்டி, உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். எருக்கஞ்செடிப் புழுவும் அழகுதான், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பெரியவர்கள் மட்டும் பறிக்கட்டும்.

கேள்வி: மினி இட்லியில் பச்சைப் புழு செய்தேன். மாவில் கொத்தமல்லி அரைத்து ஊற்றியும் இட்லி அழுக்குப் பச்சையாகிவிட்டது. ஏன்?
– வாசகி, கோவை

பதில்: புளித்த மாவின் புளிப்பும் ஆவிச் சூடும் சேர்ந்து பச்சையத்தை மங்கவைக்கின்றன. கூடவே துவையலின் தண்ணீர் மாவை நீர்க்கவைத்து இட்லியைத் தட்டையாக்கும். வெள்ளை இட்லியாகவே 7, 8 நிமிடம் வேகவைத்து, ஆறியபின் கெட்டியான கொத்தமல்லித் துவையலை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். வாழையிலையில் ஆறு இட்லியை வளைத்து அடுக்கினால் ஒரு புழு. 14 குழித் தட்டில் ஆறு தட்டு வார்த்தால் 12 பேருக்கும் சரியாக இருக்கும், உடைந்ததற்கும் மிஞ்சும். கண்ணுக்குக் கறுப்பு எள், மீசைக்கு மெல்லிய கேரட் துண்டு. பல்குத்தும் குச்சி வேண்டவே வேண்டாம். கறுப்புத் திராட்சையில் எறும்பு செய்தால், 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். முழுதாக விழுங்கினால் தொண்டையை அடைக்கும்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறோம். தோட்டம் இல்லை.
– வாசகர், சென்னை

பதில்: மொட்டைமாடி இருக்கிறதே! கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, கீழ்முனையில் செங்கல் வைத்து, 7 மணிக்கு முன்னால் அதன்மேல் படும்படி விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் வேட்டியில் உட்காரும். எல்.ஈ.டி. பல்பில் புறஊதா ஒளி மிகக் குறைவு, பூச்சி அவ்வளவாக வராது. பழைய சி.எஃப்.எல். அல்லது குழல்விளக்கு நல்லது. பௌர்ணமியை ஒட்டி வைக்காதீர்கள், அமாவாசைப் பக்கம் வைத்தால் அந்துப்பூச்சிகள் நிறைய வரும். எறும்பு போல மெலிந்து, ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு சின்ன வண்டும் வரலாம். கழுத்தில் உட்கார்ந்தால் அடிக்கக் கூடாது, ஊதித் தள்ள வேண்டும். நசுங்கினால் அதன் நீர் பட்ட இடம் கொப்பளிக்கும். உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: கம்பளிப்பூச்சி பட்டுவிட்டால்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தேய்க்காதீர்கள், ரோமம் இன்னும் உள்ளே இறங்கும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுத்து, சோப்பு நீரில் கழுவி, குளிர்ந்த துணியை வையுங்கள். கண்ணில் பட்டாலோ, எந்தப் பூச்சி கடித்த பிறகும் முகம் வீங்கி மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனைதான். வீட்டில் முருங்கை மரம் இருந்தால் விழாவுக்கு முந்தின மாலை அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். கூட்டமாக அப்பியிருந்தால் அந்தப் பக்கம் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.