முன்பே பதிந்த முகவரியை மெயில்சிம்ப் மறுப்பது ஏன்?

கேள்வி: எங்கள் கடையின் இணையதளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இயங்குகிறது. செய்திமடலுக்குப் பதிவோரை, மின்னஞ்சல் செய்திமடல் சேவையான மெயில்சிம்ப் நிறுவனத்தின் பிஎச்பி நிரல் நூலகம் வழியாகப் பட்டியலில் சேர்க்கிறோம். ஒருவர் இரண்டாம் முறை பதிந்தால் 400 என்ற பிழை வருகிறது. காரணமும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காரணத்தை முழுமையாகப் படித்துவிடுங்கள். மெயில்சிம்ப்புடன் இணையவழி பேசுவதற்கு அந்த நூலகம் உள்ளே பயன்படுத்தும் கஸில் என்ற இன்னொரு நூலகம், பிழைச் செய்தியை 120 எழுத்துகளோடு சுருக்கிவிடும் வழக்கமுடையது. ஆகவே செய்தியை மட்டும் அச்சிடாமல், பிழைப் பொருளிலிருந்து கெட்ரெஸ்பான்ஸ், அதிலிருந்து கெட்பாடி என அழைத்தால் முழு விவரமும் கிடைக்கும். பெரும்பாலும் அங்கே ‘மெம்பர் எக்ஸிஸ்ட்ஸ்’, அதாவது இவர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறார் என்றுதான் இருக்கும்.

நீங்கள் இப்போது அழைப்பது அநேகமாக ஆட்லிஸ்ட்மெம்பர் என்ற செயற்கூறாக இருக்கும். அது புதியவரைச் சேர்க்க மட்டுமே உரியது. அதற்குப் பதிலாக செட்லிஸ்ட்மெம்பரை அழையுங்கள். ஆள் இல்லையென்றால் சேர்க்கும், இருந்தால் விவரங்களைப் புதுப்பிக்கும். இதற்கு மின்னஞ்சல் முகவரியின் எம்டி5 மதிப்பை, அதாவது முகவரியிலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டைத் தர வேண்டும். முகவரியின் முன்பின் இடைவெளிகளை நீக்கி, எழுத்துகளைச் சிறிய எழுத்தாக மாற்றிய பிறகே அதைக் கணக்கிட வேண்டும், ஏனெனில் ஒரேயொரு பெரிய எழுத்து இருந்தாலும் வேறொரு மதிப்பு வந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்தான். ‘ஸ்டேட்டஸ்’ புலத்தில் ‘சப்ஸ்க்ரைப்ட்’ என்று எழுதி அனுப்பினால், முன்பு தாமாகவே விலகியவரையும் மீண்டும் உள்ளே இழுக்க முயல்கிறீர்கள் என்று பொருள். மெயில்சிம்ப் அதை மறுக்கவும் கூடும், மறுப்பதே நியாயம். ‘ஸ்டேட்டஸ்_இஃப்_நியூ’ புலத்தை மட்டும் அனுப்பினால் புதியவருக்கே அது பொருந்தும், பழையவரின் நிலை மாறாது. திரும்பிவரும் பதிலில் ‘அன்சப்ஸ்க்ரைப்ட்’ என்று இருந்தால், இப்போது அவரே படிவத்தை நிரப்பியிருக்கிறார் என்பதால், நிலையை ‘பெண்டிங்’ ஆக மாற்றி அனுப்புங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அவருக்குப் போகும், அதை ஏற்றால் மட்டுமே பட்டியலுக்குத் திரும்புவார். ‘க்ளீன்ட்’ என்று வந்தால் அந்த முகவரிக்கு அனுப்பிய அஞ்சல்கள் திரும்பியிருக்கின்றன. வேறு முகவரி கேட்பதே வழி.

மெயில்சிம்ப் உங்கள் கணக்குக்குத் தரும் ரகசியச் சாவியின் (ஏபிஐ கீ) கடைசியில் சிறுகோட்டுக்குப் பின் வரும் யுஎஸ்6 போன்ற பகுதியைத்தான் அமைப்பில் ‘சர்வர்’ மதிப்பாகத் தர வேண்டும். சாவியை உலாவியில் ஓடும் ஜாவாஸ்க்ரிப்டில் வைக்கவே கூடாது. பழைய வாடிக்கையாளர்களையும் ஏற்றுவதாக இருந்தால், ஒரே அழைப்பில் 500 பேர் வரை ஏற்கும் தொகுப்பு முறையைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அழைப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பினால், 10 இணைப்புகளைத் தாண்டியதும், அழைப்புகள் அளவு மீறின என்று சொல்லும் 429 பிழை வரும்.