என் வீட்டில் ஓடியது, சாட்ஸ்வர்த்தில் ஓடவில்லை

வெப்ஆர்டிசி (பிரவுசர்கள் ஒன்றோடொன்று நேராகப் படமும் குரலும் அனுப்ப உதவும் தொழில்நுட்பம்) வைத்து எழுதிய நேரலை வீடியோ செயலி வீட்டில் ஓடுகிறது, வெளியாட்கள் வந்தால் கறுப்புத் திரை, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக டர்ன் சர்வர் (நேரடி இணைப்பு கிடைக்காதபோது இடையில் நின்று கடத்திவிடும் சர்வர்) வைத்திருக்க மாட்டீர்கள்.

நானும் இதில் விழுந்தவன்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஞாயிறு தமிழ் வகுப்புக்காக ஒன்று எழுதினேன். கேமரா அனுமதி, இரு முனைகளை நேராக இணைக்கும் பியர் கனெக்‌ஷன், செய்தி பரிமாற ஒரு வெப்சாக்கெட், எல்லாம் இரண்டே நாள் வேலை. லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபையில், படம் பளிச்! முதல் வகுப்பன்று டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து மொபைல் டேட்டாவில் வந்த ஒரு பாட்டி, சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

மொபைல் நிறுவனங்கள் பல பேரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. ஸ்டன் சர்வர் உங்கள் வெளி முகவரியைச் சொல்லும், அவ்வளவுதான்; எதிர்முனையில் இருக்கும் ஆளுக்கு ஆள் போர்ட்டை (இணைப்பின் வாசல் எண்ணை) மாற்றும் நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் உதவாது. அப்போது படத்தையும் குரலையும் டர்ன்தான் சுமக்க வேண்டும். கோடர்ன் என்ற டர்ன் மென்பொருள் இலவசம், ஆனால் வீடியோ முழுக்க அதன் வழியாகப் போவதால் டேட்டா செலவு உங்கள் தலையில்.

அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஏற்கெனவே அங்கே சர்வர் கணக்கு இருந்ததால் நான் மும்பையில் வைத்தேன், டர்பனிலேயே இருக்கும் இரண்டு பேர் பேசும் பேச்சு இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது, ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் ஆரம்பித்துவிடுவார். கேப் டவுனுக்கு மாற்றிய பிறகுதான் பேச்சு பேச்சாக இருந்தது.

அப்புறம், எட்டு பேர் நேருக்கு நேர் இணைந்தால் ஒவ்வொரு போனும் தன் வீடியோவை ஏழு முறை அனுப்ப வேண்டும், போன் தோசைக்கல்லாகிவிடும். நாலு பேரைத் தாண்டினால் எஸ்எஃப்யூ என்ற நடு சர்வர் போடுங்கள் (மீடியாசூப், லைவ்கிட், எதுவானாலும் சரி), ஒருமுறை அனுப்பினால் அது மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்.

சோதிக்க, வெப்ஆர்டிசியில் எந்த வழியாக இணையலாம் என்று சொல்லும் ஐஸ் டிரான்ஸ்போர்ட் பாலிசியை 'ரிலே' என்று வையுங்கள், டர்ன் வழியாக மட்டுமே இணையும். அப்படியும் படம் வரவில்லையென்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். டர்னின் 3478 போர்ட்டை மட்டும் திறந்தால் போதாது, கோடர்ன் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 49152 முதல் 65535 வரையான யுடிபி போர்ட்டுகளும் திறந்திருக்க வேண்டும். அதைத் திறக்காமல் நான் விடிய விடிய ஜாவாஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.