மைக்செட்டுக்காரரையும் கூப்பிடுங்கள்

சமய நல்லிணக்கம் பற்றிக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் எங்கள் ஊரில் அடுத்தடுத்த தெருவில் இருக்கின்றன. போன வருஷம் நல்லிணக்கக் கமிட்டி போட்டோம். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு நாலே பேர். எங்கே தப்பு செய்தோம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், செங்கோட்டை

பெரிய மனிதர்களை மட்டும் கூப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி, கோயில் தர்மகர்த்தா, சர்ச் பங்குத்தந்தை மூவரும் பொன்னாடை போட்டுக்கொண்டு, நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஊரில் சண்டை மூட்டும் விஷயம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. மைக்செட்டின் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும், சப்பரம் கிளம்பும் நேரமும், கொடிக்கம்பம் நடும் இடமும் வேறு ஆட்கள் முடிவு செய்வது. ஆகவே விழாக் கமிட்டிச் செயலாளர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், சர்ச் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, மைக்செட்டுக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் மதிக்கிற ஒருவர் ஆகியோரைச் சேருங்கள். குறைந்தது 3 பெண்களாவது இருக்க வேண்டும். தெருச் செய்தி முதலில் போய்ச் சேருவது அவர்களிடம்தான்.

நாற்பது பேர் தேவையே இல்லை. சான்பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்டு 2000இல் சாசனம் கையெழுத்திட்டுத் தொடங்கிய ‘யுனைடெட் ரிலிஜியன்ஸ் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பு, தன் கிளைக் குழுக்களுக்கு வைத்திருக்கும் விதி இது: குறைந்தது 7 பேர், குறைந்தது 3 சமய மரபுகளிலிருந்து. உங்கள் ஊருக்கு 9 முதல் 12 பேர் போதும்.

மாதம் ஒரு கூட்டம், ஒரு மணி நேரம், இடம் சுழற்சி முறையில். யார் இடத்தில் கூட்டமோ அவர்கள் டீ வாங்கித் தரட்டும். முதல் வருஷம் வங்கிக் கணக்கு திறக்காதீர்கள், ரசீதுப் புத்தகமும் அடிக்காதீர்கள். பணம் வந்தால் பதவிக்குப் போட்டி வரும், பின்னாலேயே கட்சிக்காரர்களும் வருவார்கள். 80 பக்க நோட்டு ஒன்றில், யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து “அப்படிச் சொல்லவே இல்லை” என்று யாராவது சொல்லும்போது அந்த நோட்டுதான் காப்பாற்றும்.

இன்னொன்று, யார் சாமி பெரியது என்ற பேச்சுக்கு இடமே தராதீர்கள். கேரளச் சமூகச் சீர்திருத்தவாதி நாராயண குரு 1924இல் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டியபோது, வாதாடி ஜெயிப்பதற்காக அல்ல, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே என்று வாசலிலேயே எழுதி வைத்தார். அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர். குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையில் தவம் இருந்தவர், தமிழிலும் பதிகம் பாடியவர் அந்தக் குரு. அவருடைய வாசகத்தை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

எங்கள் கோயில் ஊர்வலம் பள்ளிவாசல் வழியாகத்தான் போயாக வேண்டும், வேறு பாதை கிடையாது. ஒவ்வொரு வருஷமும் போலீஸ் நிற்கிறது, நெஞ்சு படபடக்கிறது. நிரந்தரமாக ஒரு வழி சொல்லுங்கள்.
– விழாக் கமிட்டி உறுப்பினர், தென்காசி மாவட்டம்

பெரும்பாலான ஊர்களில் பிரச்சினை தொடங்குவது தாமதத்தால். 5 மணிக்குக் கிளம்ப வேண்டிய சப்பரம், அலங்காரம் முடியவில்லை, பூ வரவில்லை என்று 5.50க்குக் கிளம்பும். சரியாக, சூரியன் மறைந்ததும் நடக்கும் மஃக்ரிப் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் போய் நிற்கும். தாமதத்தில் எந்தத் தீய எண்ணமும் இல்லை. உள்ளே தொழுகையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

முதலில் கடிகாரத்தை வைத்துப் பாதையை அளந்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு நின்று தேங்காய் உடைத்துப் போகும் சப்பரம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே அதிகம். கிளம்பும் இடத்திலிருந்து பள்ளிவாசல் வரை உள்ள தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அதோடு 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் நேரம் நம் பக்கம் நவம்பரில் 6 மணியை ஒட்டி இருக்கும், ஜூலையில் 6.40ஐத் தாண்டும். அதனால் “போன தை மாசம் ஒத்து வந்ததே” என்ற நேரம் ஆடி மாசத்துக்கு ஒத்து வராது. அந்த வாரத் தொழுகை நேரத்தை மோதினாரிடம் எழுதி வாங்குங்கள். மஃக்ரிப் கூட்டுத் தொழுகை முடிய 15 நிமிடம் ஆகும், இரவுத் தொழுகையான இஷா சுமார் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வரும். அந்த இடைவெளிக்குள் கடந்துவிட வேண்டும்.

இரண்டாவது, மேளம் நிற்கும் இடம். பள்ளிவாசலுக்கு 50 மீட்டர் முன்னும் 50 மீட்டர் பின்னும் சாலையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். “கொஞ்சம் மெதுவாக அடி” என்பதெல்லாம் செண்டைக்காரரிடம் எடுபடாது. கோடு வந்ததும் நிறுத்த வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கோட்டின் இரு முனையிலும் பள்ளிவாசல் ஜமாஅத் இளைஞர் இருவர், கோயில் இளைஞர் இருவர் சேர்ந்து நிற்கட்டும். ஒருவேளை தாமதமாகிவிட்டால் யார் யாருக்குப் போன் செய்வது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சப்பரம் 200 மீட்டர் தள்ளி நின்று தொழுகை முடியும்வரை காத்திருப்பதில் யாருக்கும் குறைவில்லை. தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலம் கோயில் வழி போகும்போதும், மாதா தேர் வரும்போதும் இதே கோடு, இதே விதி. ஒருவருக்கு மட்டும் விதி வைத்தால் அடுத்த வருஷமே உடைந்துவிடும்.

சபரிமலைக்குப் போகும் வழியில் எருமேலியில் ஐயப்ப பக்தர்கள் ஆடிப்போகும் பேட்டைத் துள்ளலைப் பாருங்கள். முதலில் கிளம்புவது அம்பலப்புழைக் குழு. வானத்தில் கிருஷ்ணப் பருந்து தெரிந்த பிறகே அவர்கள் அடியெடுத்து வைப்பார்கள். ஐயப்பனின் முஸ்லிம் தோழராகக் கருதப்படும் வாவரின் பள்ளிவாசலுக்குள் போய் மரியாதை செலுத்துவார்கள், வாவரின் பிரதிநிதியும் அவர்களோடு சேர்ந்து புறப்படுவார். பகலில் நட்சத்திரம் கண்ட பிறகு ஆலங்காட்டுக் குழு கிளம்பும். வாவர் முன்னவர்களோடு போய்விட்டார் என்பது நம்பிக்கை, அதனால் அவர்கள் பள்ளிவாசலுக்குள் போகாமல் வெளியே நின்றே வணங்கிப் போவார்கள். யார் முன்னே, யார் பின்னே, யார் உள்ளே என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நெரிசலிலும் அது நடக்கிறது என்றால், வரிசை முன்பே முடிவாகியிருப்பதுதான் காரணம்.

அதிகாலை பாங்கு, மார்கழிப் பாட்டு, கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டம்... மைக் தொல்லைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகி, களியக்காவிளை

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா நாட்களுக்கு, வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், இரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். இந்த விதி மூன்று சமயத்துக்கும் ஒன்றே.

ஆனால் முதல் வேலையாகப் புகார் மனு எழுதாதீர்கள். “அவர்கள் மைக்கைப் பிடுங்கினார்கள்” என்ற கோபம் பத்து வருஷம் நிற்கும். மூன்று தரப்பும் ஒரே நாளில் கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றி, வளாகத்துக்குள் பார்த்தபடி பெட்டி ஸ்பீக்கர் மாட்டுவது நல்லது. கூம்பு ஒலியை ஒரே திசையில் வெகுதூரம் தள்ளும். பெட்டி ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் சற்று உயரத்தில் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும், அடுத்த தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கேட்காது.

இஃப்தாருக்கு எல்லாச் சமயத்தாரையும் அழைக்கிறோம். பலர் வருகிறார்கள், சாப்பிடாமல் போய்விடுகிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.
– மளிகை வியாபாரி, கம்பம்

அவர்களுக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை, கஞ்சியில் கறி இருக்குமோ என்ற சந்தேகம்தான். அதைக் கேட்கவும் கூச்சம். அழைக்கும்போதே “சைவக் கஞ்சி தனியாக உண்டு” என்று சொல்லிவிடுங்கள்.

100 பேருக்குப் பச்சரிசிக் குருணை 5 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, வெந்தயம் 150 கிராம், தேங்காய் 10, தண்ணீர் 35 லிட்டர். கொத்துக்கறி இல்லாத குறை தெரியாமலிருக்க இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, புதினாவைத் தாராளமாகப் போட்டு, தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதியில் இறக்குங்கள். பால் ஊற்றிய பிறகு நெடுநேரம் கொதித்தால் திரிந்துபோகும். வழக்கமாகத் தப்பு நடப்பது அகப்பையில்: கறிக்கஞ்சி அகப்பையை அவசரத்தில் யாராவது சைவ அண்டாவில் விட்டுவிடுவார்கள். அண்டாக்களை வேறு வேறு மேசையில் வைத்து, அகப்பைக் காம்பில் பச்சைத் துணி கட்டி, பரிமாற ஒருவரையே நிறுத்துங்கள்.

பேச்சாளர்களை மஃக்ரிபுக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள். நாளெல்லாம் நோன்பிருந்தவர் முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது தர்மமில்லை. விருந்தினரும் பாங்கு சொல்லும்வரை பேரீச்சம்பழத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

எதிர்ப்பக்கமும் இதே கதை உண்டு. கோயில் அன்னதானத்தில் படையல் வைத்த சோற்றை, இறைவனுக்கு இணை வைத்ததாகிவிடும் என்று இஸ்லாமியரில் பலரும் கிறிஸ்தவரில் சிலரும் உண்ண மாட்டார்கள். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படைக்காத ஒரு பானையைத் தனியே வைத்து, “இது படைக்காதது” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாலை போட்ட ஐயப்பமார்களில் வெளிச் சமையல் தொடாதவர்களுக்கு இளநீரும் பழமும் போதும்.

விழாத் தேதிகள் மோதிக்கொள்வதை முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?
– தமிழாசிரியை, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

முடியும். கொல்லம் ஆண்டுப் பஞ்சாங்கம், தமிழ்ப் பஞ்சாங்கம், சர்ச் காலண்டர், ஹிஜ்ரி காலண்டர் நான்கையும் பக்கத்தில் வைத்து, டிசம்பரிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். 2030இல் ரமலான் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் மறுமுறையும் தொடங்கும். பிறை பார்ப்பதில் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சில ஆண்டு ஒரு நாள் வித்தியாசம் வருவதால், பெருநாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாளைக் காலியாக விடுங்கள்.

எங்கள் கல்லூரியில் உலக சமய நல்லிணக்க வாரம் கொண்டாட விரும்புகிறோம். சேர்ந்து பிரார்த்தனை செய்தால் நம் விசுவாசம் கெடும் என்று சில பெற்றோர் எதிர்க்கிறார்கள்.
– மாணவி, மார்த்தாண்டம்

ஜோர்டான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்வைத்த யோசனையை ஏற்று, ஐ.நா. பொதுச்சபை 2010 அக்டோபரில் அறிவித்த வாரம் அது. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் வாரம்.

பெற்றோரின் அச்சத்தை மதியுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. 1986 அக்டோபர் 27இல் இத்தாலியின் அசிசி நகருக்குப் பல சமயத் தலைவர்களைப் போப் இரண்டாம் ஜான் பால் அழைத்தபோதும் இதே கேள்வி எழுந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரே பிரார்த்தனை சொல்லவில்லை. ஒவ்வொரு சமயத்தாருக்கும் தனித்தனி இடம் தந்தார்கள். அவரவர் முறைப்படி வேண்டிக்கொண்டு, பிறகு ஓரிடத்தில் கூடினார்கள். ஒருவர் பிரார்த்திக்கும்போது மற்றவர்கள் மரியாதையோடு அமைதி காத்தார்கள். நீங்களும் அதையே செய்யலாம்: மூன்று வகுப்பறை, 20 நிமிடம், பிறகு அரங்கில் 2 நிமிட மௌனம். பொதுப் பாட்டு வேண்டாம், விளக்கேற்ற யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

மீதி நாட்களில் நடந்து போய்ப் பாருங்கள். தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பா தர்கா, கோட்டாறு சவேரியார் பேராலயம், அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்த சுவாமித்தோப்பு முத்திரிக்கிணறு எல்லாம் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். முதல் நாளே அந்தந்த இடத்துக்குப் போன் செய்து, எத்தனை பேர், பெண்கள் எதுவரை போகலாம், தலையை மூட வேண்டுமா, சட்டையைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டு, மாணவர்களுக்கு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். விபூதியோ பிரசாதமோ நீட்டப்பட்டால், வேண்டாதவர்கள் கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினால் போதும் என்றும் அதில் எழுதுங்கள். சர்ச்சில் திருப்பலியின்போது தரும் அப்பமான நற்கருணை, பொதுவாகக் கத்தோலிக்கர் அல்லாதவருக்கு வழங்கப்படுவதில்லை. தெரியாமல் வரிசையில் நின்றுவிடாதபடி அதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.