கோயம்பேட்டில் பூக்கார அம்மா திட்டிய விஷயம்

சென்னை கோயம்பேடு சந்தையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவைத் தூரத்திலிருந்து படமெடுத்ததற்கு அவர் திட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். சட்டப்படி தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். பொது இடத்தில் பூக்கட்டிக்கொண்டிருப்பவரைப் படமெடுப்பது பொதுவாகக் குற்றமில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி அந்தரங்கமாக இருக்கும் பெண்ணைப் பார்ப்பது, படமெடுப்பது பற்றியது. ஆனால் "எடுக்காதே" என்று அவரே சொன்ன பிறகு சட்டம் பேசிப் பயனில்லை.

கோபத்துக்குக் காரணம் அநேகமாக தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் உங்கள் நீளமான 70-200 லென்ஸ்தான். நாலு கடை தள்ளி நின்று அதை நீட்டினால் வேவு பார்ப்பதுபோலத்தான் இருக்கும். யூடியூபில் போட்டுவிடுவானோ என்ற பயம் வேறு.

அடுத்த முறை, கிட்டே போய் எடுக்க வேண்டிய 35 எம்எம் லென்ஸைப் போட்டுப் பாருங்கள். மூட்டை இறங்கும் நேரம் வேண்டாம், அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது. வியாபாரம் ஓய்ந்ததும் இரண்டு முழம் மல்லி வாங்கிவிட்டு, "அக்கா, பூ கட்டுற கையை மட்டும் எடுத்துக்கவா?" என்று கேளுங்கள். தலையாட்டினால் எடுங்கள். முந்தானை முகத்துக்கு ஏறினால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள்.

கேட்டால் இயல்பு போய்விடும் என்பீர்கள். முதலில் போஸ் கொடுப்பார்கள்தான். அப்புறம் நாரும் பூவுமாக வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது.

குழந்தைகள் மட்டும் வேறு கணக்கு: பெற்றோரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். விளம்பரத்துக்கு விற்பதானால் யாராக இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.